ஒரு மணி ஃபைல்

ஃபோனை வெச்சுடாதீங்கோ மாமி, ப்ளீஸ். ஆமா, நான்தான், மதுவந்தியோட அம்மா. ஆஸ்பத்திரிலதான் இருக்கேன். இல்ல, இன்னும் முழிச்சுக்கல. நாலு மணிக்கு உங்க க்ரெஷ்லேர்ந்து தோள்ல போட்டுண்டு வந்தேன், இப்போ ஏழாயிடுத்து. டாக்டர் கிள்ளிப் பாத்தா ஒரு சிணுங்கல், திரும்பத் தூங்கிடறா.

கொழந்தைன்னா தூங்கத்தானே செய்யும்? கரெக்ட். உங்ககிட்ட இருக்கற பன்னெண்டும் மணி அடிச்சாப்பல ஒண்ணேகாலுக்குத் தூங்கறதே, கல்கத்தால இந்த பெஹாலா ஏரியா முழுக்க அதைத்தானே மெச்சிக்கறா. என் வீட்ல இருக்கற ஒண்ணைத் தூங்க வெக்க ரெண்டு பேர் மாறி மாறி ஆடணும்.

சந்தேகம்னா கேமராவைப் பாத்துக்கோன்னு லிங்க் அனுப்பினேளே, பாத்தேன். ஒன்பது மணி நேரத்துக்கு ஒன்பது ஃபைல். பேர் சரி, வரிசை சரி. எனக்கே வெக்கமாயிடுத்து, பெரியவாளைப் போய் சந்தேகப்பட்டோமேன்னு.

ஆனா கான்வென்ட் வளர்ப்பாச்சே. போட்ட கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பாக்கலேன்னா தூக்கம் வராது. போன துர்கா பூஜோவுக்கு முன்னாடி உங்க கம்ப்யூட்டரை நான்தானே செட் பண்ணிக் குடுத்தேன்? கேமரா எடுக்கறது உங்க ஃபோல்டர்ல ஒண்ணு, அப்பவே வெளில, இன்டர்நெட்ல, இன்னொரு ஃபோல்டர்ல ஒண்ணுன்னு. எதுக்கும்மா ரெண்டுன்னு சிரிச்சேள். மறந்துட்டேள் போலருக்கு. பரவால்ல, வயசாச்சு.

பெஞ்சுல ஒக்காந்துண்டு, லேப்டாப்பை மடில வெச்சுண்டு பத்து வரி கோட் எழுதினேன். பெரிய வித்தை இல்ல மாமி. இதுல இருக்கறது அதுல இருக்கா, அதுல இருக்கறது இதுல இருக்கா. ரெண்டுலயும் இருந்தா, பேரை நம்பாம உள்ள பூந்து ஒண்ணேதானான்னு பாரு. அவ்ளோதான். ரெண்டு தடவை தப்பா அடிச்சேன்.

எட்டு ஃபைல் அச்சு அசல். ஒரு மணி ஃபைல் மட்டும் வேற. உங்க ஃபோல்டர்ல அவ நீலச் சட்டை போட்டுண்டு தூங்கறா. நீலம் நேத்து போட்டது மாமி. இன்னிக்கு மஞ்சள். நேத்திய ஃபைலுக்கு இன்னிக்குத் தேதி! எங்க ஆபீஸ்லயே உங்களுக்கு வேலை கேக்கலாம்.

யாரு, உங்க மினதிதி பண்ணின வேலையா? சரிதான், ஆயாதானே, வாயைத் தொறக்க மாட்டா. வெளி ஃபோல்டர்ல நிஜ ஃபைல் இருக்கு. அதுல முகம் விழல, கைதான். என் கொழந்தை வாயில ஸ்பூன் வெக்கற கை. கல்யாணமான பெங்காலிப் பொம்மனாட்டி, மினதிதியைச் சங்கு வளை இல்லாம நான் ஒரு நாள் பாத்ததில்ல. இந்தக் கையில சங்கு இல்ல. உங்க பவழ மோதிரம் இருக்கு.

அழாதீங்கோ. போலீஸுக்குப் போவேனா மாட்டேனா, அதெல்லாம் நாளைக்கு. வீடியோல மருந்து பாட்டிலோட லேபிள் சுவர் பக்கமா திரும்பியிருக்கு, எவ்ளோ பெருசு பண்ணினாலும் படிக்க முடியல. டாக்டர் மூணாந்தடவை வந்துட்டார், பக்கத்துலதான் நிக்கறார். என்ன மருந்து மாமி? எத்தனை ஸ்பூன்?