டெஸ்ட்டுக்கு ஒரு பங்காளி

குப்புராஜ்: கைய எடு சாமி. தீட்டுக்காரன் என் ரேடியோவத் தொடலாமா?

ஆராவமுதன்: தொடலை நாயக்கரே… ஸ்டேஷன் நழுவறது. சித்தே திருப்பி வெச்சேன்.

குப்புராஜ்: சித்தேயாம். கரண்ட் வந்துச்சான்னு பாக்கலாம்னு மோட்டார் கொட்டாயத் தொறந்தா, கோயில் அர்ச்சகரு உர மூட்டை மேல குந்திக்கினு "ராபர்ட்ஸ், ராபர்ட்ஸ்"னு ஜபம் பண்ணிக்கினு இருக்காரு.

ஆராவமுதன்: ஜபம் இல்லை, பயம். பந்து போடறானா கல்லெறியறானா தெரியலை. வரிசையா போயிண்டிருக்கா.

குப்புராஜ்: கவாஸ்கரும் இல்லாத டீமு. விஸ்வநாத்து?

ஆராவமுதன்: நிக்கறான்.

குப்புராஜ்: நிக்கறானா? அப்ப நவுரு. எடம் குடு.

ஆராவமுதன்: நாயக்கரே… தீட்டு…

குப்புராஜ்: உர மூட்டை இன்னா கருவறையா? நவுரு சாமி.

ஆராவமுதன்: பல்பு எரியறது பாரும். கரண்ட் வந்துடுத்து. நாத்தங்காலுக்குத் தண்ணி விடணும்னீரே?

குப்புராஜ்: மோட்டாரப் போட்டா ரேடியோ கரகரங்கும். நாத்துக்கு நாளைக்கும் தாகம் எடுக்கும். விஸ்வநாத்து நாளைக்கு இருப்பானா?

ஆராவமுதன்: வாஸ்தவம்.

குப்புராஜ்: சவுண்டக் கொற. கோயில்ல கீற எம் பொஞ்சாதி முத்தம்மா காதுல வுழுந்தா அவ்ளோதான். விவசாய நிகழ்ச்சி கேக்கத்தான் இத வாங்குனேன்னு சொல்லி வெச்சிருக்கேன்… ஃபோரா?

ஆராவமுதன்: ஃபோர். ஸ்கொயர் கட். அந்தக் கையைத் தங்கத்துல பண்ணிருக்கான் பகவான்.

குப்புராஜ்: ஆமா… இந்த வாட்டி யாரு சாமி போனது?

ஆராவமுதன்: எங்கே போனது? நீர் வந்தப்புறம் யாரும் போகலையே.

குப்புராஜ்: மேட்ச்சுல இல்ல. உன் ஊட்டு ஆளுங்கள்ல.

ஆராவமுதன்: ஓ, அதுவா… பள்ளிப்பட்டு எம்பார் அண்ணா. பரமபதிச்சுட்டார். பங்காளியோன்னோ, பத்து நாள் தீட்டு. கோயிலுக்குள்ள காலடி வைக்கப்படாது. நேத்தே சொல்லி அனுப்பினேனே.

குப்புராஜ்: சொன்னே, சொன்னே. பெங்களூரு டெஸ்ட்டுக்குக் கூட ஒருத்தரு போனாரே?

ஆராவமுதன்: பெரியப்பா.

குப்புராஜ்: தோத்தோம். டெல்லி டெஸ்ட்டுக்கு?

ஆராவமுதன்: …சித்தப்பா.

குப்புராஜ்: அதுவும் தோத்தோம். கல்கத்தாவுக்கு உன் சித்தி.

ஆராவமுதன்: கல்கத்தாவுல ஜெயிச்சோமே!

குப்புராஜ்: புண்ணியவதி. இப்ப மெட்ராஸ் டெஸ்ட்டு, எம்பாரு. டெஸ்ட்டுக்கு ஒரு பங்காளி. வெஸ்ட் இண்டீஸ்காரன் இங்க வந்து எறங்குனதுல இருந்து உன் வம்சத்துக்கே கெட்ட நேரம் போல கீது.

ஆராவமுதன்: பிராப்தம் நாயக்கரே. நம்ம கையிலயா இருக்கு?

குப்புராஜ்: இல்லதான். சரி, நீ தீட்டுல குந்திக்கினா கோயில்ல பூஜை யாரு பண்றது?

ஆராவமுதன்: ஏன், பள்ளிப்பட்டுலேந்து சடகோபன் வந்திருக்கானே. ஒவ்வொரு தடவையும் அவன்தானே வரான்?

குப்புராஜ்: ஒவ்வொரு தடவையும்… பெங்களூரு அப்பக் கூட.

ஆராவமுதன்: ஆமாம்.

குப்புராஜ்: செத்துப்போன உன் பெரியப்பா, அந்தச் சடகோபனுக்கு இன்னா ஆவணும்?

ஆராவமுதன்: …

குப்புராஜ்: ரேடியோ ஏன் சாமி திடீர்னு கேக்கல?

ஆராவமுதன்: ரேடியோ பேசிண்டுதான் இருக்கு. நான்தான் பேசலை.

குப்புராஜ்: இன்னா ஆவணும்?

ஆராவமுதன்: தகப்பனார்.

குப்புராஜ்: அதான். நேத்து சோறு போட்டுக்கினே முத்தம்மா கேட்டா. "ஏங்க, அப்பன் செத்த புள்ள குடுமி கூட எடுக்காம பூஜை பண்ணிக்கினு இருந்தாரே, அவங்கள்ல அப்படித்தானா?"ன்னா.

ஆராவமுதன்: குடுமியை எதுக்கு அந்த அம்மா பாக்கணும்? பெருமாளைச் சேவிக்கத்தானே வரா?

குப்புராஜ்: இன்னும் இருக்கு. அந்த வாட்டி பூஜை முடிஞ்சு ஊருக்குக் கெளம்புறப்போ, "அப்பாவுக்கு முட்டி வலி, ஒரு கரண்டி வெளக்கெண்ண இருந்தா குடுங்கோ"ன்னு அவகிட்டயே கேட்டு வாங்கிக்கினு போயிருக்காரு.

ஆராவமுதன்: அடப்பாவி சடகோபா!

குப்புராஜ்: செத்தவருக்கு முட்டி வலி. முத்தம்மா அத ரெண்டு மாசமா மனசுல வெச்சு கணக்குப் போட்டுக்கினே இருந்திருக்கா… அவுட்டா? யாரு, யாரு?

ஆராவமுதன்: விஸ்வநாத் இல்லை. எதிர்ப்பக்கம்.

குப்புராஜ்: அப்பா… நெஞ்சு நின்னு போச்சு. இன்னிக்கு இன்னா நாளு தெரியுமில்ல உனக்கு?

ஆராவமுதன்: மார்கழி இருபத்தேழு. கூடாரவல்லி. எனக்கே சொல்றீரா?

குப்புராஜ்: முத்தம்மா விடிகாலையில இருந்து கோயில்லதான் கீறா. அஞ்சு படி பாலு, ரெண்டு சேரு நெய்யி. சின்னப்பொண்ணு கல்யாணம் கூடணும்னு வேண்டிக்கினு அக்காரவடிசல். சாயங்காலம் கும்மிடிப்பூண்டியில இருந்து மாப்பிள்ள ஊட்டுக்காரங்க வர்றாங்க.

ஆராவமுதன்: மார்கழியிலயா பொண்ணு பாக்கறது?

குப்புராஜ்: பொண்ணு பாக்க யாரு வர்றா? சாமி கும்புட வர்றாங்க. கும்புடுறப்போ பொண்ணு பக்கத்துல நிக்கும். கண்ணு இருக்கறவன் பாத்துக்குவான்.

ஆராவமுதன்: நல்ல ஏற்பாடு.

குப்புராஜ்: நல்ல ஏற்பாடுதான், உன்னாலதான் கெட்டுச்சு. ரெண்டுல ஒண்ணு சொல்லு சாமி. எம்பாரு செத்தது நெசம்னா, சடகோபனுக்கும் தீட்டு. தீட்டுக்காரரு கையால கிண்டுன பொங்கல எம் பொண்ணு கல்யாணத்துக்குப் படைச்சிக்கினு இருக்கோம். முத்தம்மா என்ன உசுரோட வுட மாட்டா. செத்தது பொய்யின்னா… நான் தர்மகர்த்தா. பொய் சொல்ற அர்ச்சகரு கையில கோயில் சாவி இருக்கக் கூடாது.

ஆராவமுதன்: நாயக்கரே…

குப்புராஜ்: நெசமா, பொய்யா?

ஆராவமுதன்: …பொய்.

குப்புராஜ்: எம்பாரு இப்ப எங்க கீறாரு?

ஆராவமுதன்: சேப்பாக்கத்துல. அவருக்கு டிக்கெட் கெடச்சுடுத்து.

குப்புராஜ்: செத்தவருக்கா?

ஆராவமுதன்: கேலரி டிக்கெட்தான்.

குப்புராஜ்: பெரியப்பாவும் பொய்யி. சித்தப்பா?

ஆராவமுதன்: எனக்குச் சித்தப்பாவே கிடையாது.

குப்புராஜ்: அப்ப கல்கத்தா சித்தி?

ஆராவமுதன்: இல்லாத சித்தப்பாவோட ஆம்படையாள்.

குப்புராஜ்: இல்லாதவ செத்தா ஜெயிச்சிருக்கோம்! அடுத்தாப்ல பம்பாய்க்கும் அந்தம்மாவையே சாவடிச்சிருக்கலாம்… சிரிக்காத சாமி. நான் கோவமா கீறேன்.

ஆராவமுதன்: சிரிக்கலை. அழுகைதான் வரது. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு நாயக்கரே. கார்த்தால நாலு மணிக்குக் கதவைத் திறந்தா, ராத்திரி சாத்தற வரைக்கும் அவரும் நானும்தான். ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் பேசினதைக் கேட்டாரான்னும் தெரியாது. இந்தப் பொட்டி ஒண்ணுதான் என்கிட்ட பேசறது.

குப்புராஜ்: அதுக்காக?

ஆராவமுதன்: அதுக்காக அவரை விட்டுட முடியுமா? நேத்து பொய் சொல்லிட்டு வந்தேனே, தூக்கமே இல்லை. கூடாரவல்லிக்கு என் கையால அக்காரவடிசல் பண்ணாத வருஷம் இதுதான். சடகோபன் நெய்யை அளந்து விடுவான். அவர் முழங்கை வழிய வழிய நெய் பாத்துப் பழகினவர்… சாவியை வாங்கிண்டா நான் எங்கே போவேன்? ஆத்துக்காரி வைதேஹி, நாலு குழந்தைகள். மணியடிக்கறதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

குப்புராஜ்: ஸ்கோர் சொல்லத் தெரியும். எவ்ளோ?

ஆராவமுதன்: எட்டு விக்கெட் போயாச்சு. பேடி வந்திருக்கான்.

குப்புராஜ்: பேடியா… முடிஞ்சுது கதை. சரி, இப்படி வெச்சிக்கலாம் சாமி. விஸ்வநாத்து நிக்கிற வரைக்கும் நீ எங்க அர்ச்சகரு. நான் வாயத் தொறக்க மாட்டேன்.

ஆராவமுதன்: அவன் அவுட் ஆனா?

குப்புராஜ்: நேரா கோயிலுக்குப் போயி, முத்தம்மாகிட்ட உள்ளத சொல்லிட்டு, சாவிய வாங்கிடறேன்.

ஆராவமுதன்: என் ஜீவனத்தை ராபர்ட்ஸ் கையிலயா குடுக்கறீர்?

குப்புராஜ்: உன் சொந்தக்காரங்க உசுர நீ யார் கையில குடுத்தே?

ஆராவமுதன்: …பெருமாளே. விஸ்வநாதா.

குப்புராஜ்: ரெண்டு பேரையும் ஒண்ணாக் கூப்புடாத. எவன் வர்றதுன்னு கொழப்பமாப் பூடும்.

ஆராவமுதன்: ஃபோர்! நாயக்கரே, ஃபோர்!

குப்புராஜ்: எம் முட்டிய வுடு. எனக்கும் முட்டி வலிதான்.

ஆராவமுதன்: பேடி நிக்கறான் ஓய்! ஆச்சரியமா இருக்கு. தடுத்துண்டே நிக்கறான்!

குப்புராஜ்: அந்த ஆளு உன்ன வுட நல்ல மனுசன். யாரையும் சாவடிக்காம நிக்கறான் பாரு.

ஆராவமுதன்: எண்பது தாண்டிடுத்து… அய்யோ.

குப்புராஜ்: இன்னாச்சு?

ஆராவமுதன்: பேடி போயாச்சு. ஒம்பது விக்கெட். சந்திரசேகர் வரான்.

குப்புராஜ்: சந்திரசேகரா! பந்து போடச் சொன்னா மலையப் பேத்துடுவான். மட்டையக் குடுத்தா கொடை மாதிரி புடிச்சிக்கினு நிப்பான்.

ஆராவமுதன்: அவன் எப்படி வேணா போகட்டும். அவன் போனா விஸ்வநாத் நாட் அவுட். விஸ்வநாத் போனாத்தான் எனக்கு ஆபத்து.

குப்புராஜ்: பாத்தியா புத்திய! நாட்டுக்கு செஞ்சுரி வேணும். உனக்கு சந்திரசேகர் அவுட் ஆவணும்.

ஆராவமுதன்: அப்படி வேண்டிக்கலை… வேண்டிக்கப்படாது… தொண்ணூறு.

குப்புராஜ்: சும்மா இரு. கேப்போம்.

ஆராவமுதன்: தொண்ணூத்தி… நாலா?

குப்புராஜ்: ஏழு. ஏழு சாமி! இன்னும் மூணு.

ஆராவமுதன்: இப்போ சந்திரசேகர் ராபர்ட்ஸை ஆடணும்.

குப்புராஜ்: என்னால கேக்க முடியாது. நீ கேட்டுச் சொல்லு… இன்னா சத்தம்? சொல்லு சாமி!

ஆராவமுதன்: கேட்ச். சந்திரசேகர்.

குப்புராஜ்: போச்சுடா…

ஆராவமுதன்: நூத்தித்தொண்ணூறு ஆல் அவுட். விஸ்வநாத் தொண்ணூத்தேழு.

குப்புராஜ்: மூணு ரன்னு. மூணே ரன்னு. கூட நிக்கறதுக்கு ஒரு ஆளு இல்லாம…

ஆராவமுதன்: நாட் அவுட்.

குப்புராஜ்: கேட்டுச்சு.

ஆராவமுதன்: நாட் அவுட் நாயக்கரே.

குப்புராஜ்: கேட்டுச்சு சாமி! சொன்ன வாக்கு வாக்குதான். சாவிய வெச்சிக்கோ.

ஆராவமுதன்: க்ஷேமமா இருப்பீர். இனிமே பொய் கிடையாது. இப்பவே உம்ம தொட்டியில ஸ்நானம் பண்ணிட்டு ஓடறேன். சடகோபனை நகத்திட்டு நானே சாயரட்சைப் பூஜை பண்றேன். கும்மிடிப்பூண்டிக்காரா வரச்சே வாசல்ல பூர்ணகும்பம் மாதிரி நிக்கறேன், பாரும்.

குப்புராஜ்: அவசரம் இல்ல, குந்து. அவங்க வர்ல.

ஆராவமுதன்: வரலையா? அந்த அம்மா அக்காரவடிசலை வெச்சுண்டு காத்துண்டிருக்காளே?

குப்புராஜ்: அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா நாளைக்கு எங்க ஊட்ல நெஜத் தீட்டு. நீ சொல்லி அனுப்புற வரைக்கும் காத்துக்கினு இருப்பேனா? செவ்வாக்கெழமையே நான் அவங்களுக்குக் கடுதாசி போட்டுட்டேன்.

ஆராவமுதன்: என்னன்னு?

குப்புராஜ்: கோயில்ல சாவு, பூஜ இல்ல, அப்பாலிக்கா வாங்கன்னு. அவங்க வந்து குந்திக்கினா நான் எப்படி சாமி ரேடியோ கேக்கறது?

ஆராவமுதன்: அடேயப்பா! அப்போ பெங்களூர் சமயத்துல அவா வரதா இருந்ததே, அது தள்ளிப்போனது…

குப்புராஜ்: உன் பெரியப்பா.

ஆராவமுதன்: டெல்லி சமயத்துல?

குப்புராஜ்: உன் சித்தப்பா. இல்லாத ஆளுன்னாலும் நல்லா ஒதவுனாரு.

ஆராவமுதன்: இவ்வளவையும் பண்ணிட்டு என்னைப் போட்டு இந்த வறுவல் வறுத்தீரே! போகட்டும். எப்போ வராளாம்?

குப்புராஜ்: வர்ற இருவத்தி மூணாந்தேதி. அவங்களே குறிச்சி பதில் போட்டாங்க.

ஆராவமுதன்: இருபத்திமூணா? அன்னிக்குத்தானே பம்பாய் டெஸ்ட் ஆரம்பம்!

குப்புராஜ்: பேஜாரு புடிச்ச தேதி. தட்ட முடியல. உனக்கு இன்னா, நீ இங்கயே குந்திக்கினு நிம்மதியா கேளு. ரேடியோவ நானே தர்றேன். அன்னிக்குக் கோயில் பக்கம் மட்டும் தலைய காட்டாத.

ஆராவமுதன்: நன்னாருக்கே! இனிமே பொய் கிடையாதுன்னு இப்பத்தானே சொன்னேன்? சின்னப்பொண்ணுக்கு நான்தான் அர்ச்சனை பண்ணுவேன்.

குப்புராஜ்: வாணாம் சாமி. அவங்க கண்ணுல நீ படக் கூடாது.

ஆராவமுதன்: ஏன்? நான் என்ன பண்ணினேன்? …நாயக்கரே, இந்தத் தடவை யார் போனதா எழுதினீர்? எம்பார் அண்ணா பேரை நேத்துதானே சொன்னேன்?

குப்புராஜ்: மூணாவது வாட்டியும் பங்காளின்னா எவன் நம்புவான்? உன் ஆளுங்க எல்லாத்தையும்தான் நீயே அனுப்பி வெச்சிட்டியே… பாக்கி நீ ஒருத்தன்தான் சாமி இருந்தே.