அணு நின்ற நேரம்

நான் கதவை மெதுவாகச் சாத்துகிற ஆள். "இவன் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது" என்று வீட்டில் அம்மா அலுத்துக்கொள்வாள். அது தொழில் தந்த பழக்கம், ஐயா.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் தலைமுடியைவிட மெல்லிய ஈயக் கம்பியைத் திரவ ஹீலியத்தின் குளிரில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்போம். அந்தக் குளிரில் ஈயம் தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும். கம்பி அறுவதற்குச் சற்று முன்னால், இரு முனைகளுக்கும் நடுவே ஒரே ஓர் அணு மிஞ்சும். எலக்ட்ரான்கள் அதன் வழியாக எப்படிக் கடக்கின்றன என்பது திரையில் ஒரு கோடாக விழும். அந்தக் கோடுதான் எங்களுக்கு வேண்டும். பக்கத்தில் யாராவது நாற்காலியை இழுத்தால் போதும், அணு விலகிவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஹீலியம் நிரப்புகிறவர் என் தங்கையின் கணவர். வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். "தும்மல் வந்தாக்கூட உங்ககிட்ட பர்மிஷன் கேக்கணும் போல, மச்சான்" என்று கேலி செய்வார். எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் கிடையாது, வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நிரப்பும்போது ஹீலியம் ஆவியாகக் கசிந்து, அறையிலுள்ள காற்றைத் தள்ளிவிட்டுத் தான் நிறைந்துகொள்ளும். வாசனை கிடையாது, மூச்சு முட்டுவதும் தெரியாது. அதனால் நிரப்பும் அறையில் ஒரு விசிறியும் எச்சரிக்கை மணியும் உண்டு. விசிறியின் அதிர்வு என் அணுவைக் கலைத்தது. மணிக்குப் போகும் மின்சாரம் என் கோட்டில் இரைச்சலைச் சேர்த்தது. இரண்டையும் நிறுத்தினேன். நிறுத்தினால் அந்த அறையைப் பூட்டிவிடுவது வழக்கம். அன்று மறந்துவிட்டேன். இவ்வளவு நேரம் உங்கள் முன்னால் அழுததெல்லாம் அந்த மறதிக்காகத்தான். அந்த அழுகை பொய்யில்லை.

ஆனால் இரண்டு அறைக்கும் நடுவில் கண்ணாடி இருக்கிறது.

அவர் வந்ததையும் குழாயைத் திறந்ததையும் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில், களைத்துப்போனவர் மாதிரி தரையில் உட்கார்ந்தார். பிறகு சுவரில் சாய்ந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. நடுக்கதவு கனமான இரும்புக் கதவு. நானே திறந்தாலும் மேசை அதிரும். எத்தனையோ மாதங்களாகப் போக்குக் காட்டிய அணு அன்றைக்குத்தான் அசையாமல் நின்றது. கோடு பாதி வந்திருந்தது.

முழுக் கோடும் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். கை நடுங்கியது. மேசையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்புறம்தான் போய்க் கதவைத் திறந்தேன். அவரைக் கொன்றது மறதி இல்லை, ஐயா, நான்தான்.

தங்கை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணா, ரொம்பத் துடிச்சாரா?"

"இல்லம்மா. தூங்கற மாதிரிதான்" என்றேன்.

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததால்தான், அந்த ஆறுதலையாவது அவளுக்குக் கொடுக்க முடிந்தது.