ஆளும் பையும் ஒரே தராசில்

மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்காக இறங்குதுறையில் நின்றோம். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவள் கருவாட்டு மூட்டையைத் தூக்க முடியாமல் இழுத்தாள்.

"என்ட தம்பி இதைவிடப் பாரமா பிளேனிலை கொண்டு வந்தவன்," என்றாள் மூத்தவள்.

"பிளேனிலை கருவாடோ, அக்கா?"

"ஓம், கொழும்புப் பக்கம் இரத்மலானையிலை எங்கட வீட்டுக்கு. அந்தப் பிளேன் கொம்பனியை இப்ப மூடிட்டாங்கள். சின்னப் பிளேன்தானே, சீனக்குடா ஏயாப்போட்டிலை ஆளையும் பையையும் சேர்த்துத்தான் நிறுப்பினம்."

"அப்ப எப்பிடி அவ்வளவு பாரத்தை விட்டவை?"

"தம்பி ஒவ்வொரு மாசமும் வேலையாக் கொழும்புக்கு வருவான். வரவர அவன்ட நிறை குறைஞ்சுது. தராசிலை இன்னும் கொஞ்சம் விடலாமெண்டு அவை சொல்ல, அவன்ட மனுசி, என்ட மச்சாள், அடுத்தமுறை அந்தளவுக்குக் கருவாட்டைக் கூட்டிக் கட்டினவ."

இளையவள் மூட்டையை விட்டுவிட்டாள். "மச்சாள் கவனிக்கேல்லையோ?"

"ஒவ்வொரு நாளும் பாக்கிற ஆக்களுக்கு மெலிவு தெரியாது. கடைசியா எங்கட வாசல்லை வந்து நிக்கேக்கை எனக்குப் பைதான் தெரிஞ்சது, ஆள் தெரியேல்லை. அண்டைக்கே ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனம். திரும்பி வரேல்லை."

லோஞ்சு வந்து துறையில் முட்டியது. வரிசை நகர்ந்தும் இளையவள் நகரவில்லை.

"இப்ப மூதூருக்கு மச்சாளைப் பாக்கத்தான் போறன்," என்றாள் மூத்தவள். " கடைசிமுறை பை நிறைய அனுப்பினதெண்டு இண்டைக்கும் பெருமையாச் சொல்லுவா."