ஆறிய தண்ணீர்

— பெஞ்சு காலி இல்லண்ணா, இந்தக் குளுக்கோஸ் பெட்டி மேல உட்காரு. பார்த்து, காலடியில ஆள் படுத்திருக்கு.

— வராந்தா வரைக்கும் போட்டிருக்கியே!

— வார்டுல ஏது இடம்? அத்தனை பேரும் வயித்தால போய் வந்தவங்க. ஒரே தொட்டித் தண்ணி குடிக்கிற தெருக்காரங்க. குழாயை மூடுங்கய்யான்னா, தேசிய சுகாதார நிறுவனம் சொல்லட்டும்ங்கிறான் தண்ணி வாரியத்துல. அங்க இயக்குநரா இருக்கிற நீதான் எங்கண்ணன்னு அவன்கிட்ட சொல்ல நாக்கு கூசுது.

— லேப்ல தண்ணி டெஸ்ட் இன்னும் முடியலம்மா.

— சரி விடு. வேர்த்து ஊத்துது உனக்கு. இந்தா, தண்ணி குடி.

— வேண்டாம், பையில பாட்டில் இருக்கு.

— இது இப்பத்தான் குழாய்ல பிடிச்சது. ஒரு மடக்கு குடியேன்.

— வேண்டாம்னா விடேன்!

— பாட்டிலைக் காட்டு. வெதுவெதுன்னு இருக்கே. அண்ணி கொதிக்க வச்சுக் கொடுத்தாங்களா? எப்பலேருந்து?

— திங்கக்கிழமைலேருந்து.

— அப்ப ரிசல்ட் திங்கக்கிழமையே வந்தாச்சு. காலராதானே?

— மெதுவாப் பேசு.

— ஏன், இவங்களுக்குக் கேட்டுருமா?

— நான் வாயைத் திறக்கணும்னா செயலாளர் கையெழுத்துப் போடணும்மா. மெஷின் வெளிநாட்டுக்காரன் கொடுத்தது, சம்பளம் அமைச்சகம் கொடுக்கிறது. நானா ஒரு அறிக்கை விடச் சட்டத்துல ஒரு வரி கிடையாது. முதலீட்டாளர் மாநாடு முடியட்டும்னுட்டாங்க.

— அண்ணிகிட்ட சொல்றதுக்கு யார் கையெழுத்துப் போட்டாங்க?

— வீட்ல குழந்தைங்க இருக்காங்களேம்மா.

— இதோ படுத்திருக்கே, இதுவும் யாரோ பெத்ததுதான். நிமிர்ந்து பாரேன்.

— என்னைக் கொல்லாதே.

— நான் ஏன் கொல்றேன்? உன் மானத்தைக் காப்பாத்தி வச்சிருக்கேன். வரும்போது கேட்ல பார்த்தியா? தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிங்கன்னு பெருசா எழுதி, கீழே உங்க நிறுவனத்துப் பேரைப் போட்டு ஒட்டியிருக்கேன். என் பேரைப் போட்டா எவன் நம்புவான்? நீ ஒண்ணும் பெருசா செய்ய வேண்டாம். யாராவது கேட்டா, ஆமா, எங்களுதுதான்னு சொல்லு. அந்த ஒரு வார்த்தையை வச்சே குழாயை மூட வச்சிருவேன்.

— அதைப் பத்தித்தான் பேச வந்தேன்.

— எதைப் பத்தி?

— மதியம் செயலாளர் அதை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். எங்களுது இல்லைன்னுட்டேன். அப்ப யாரோடதுன்னு கேட்டார். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா... உன் பேரைச் சொல்லிட்டேன்மா.