தோளில் மாட்டிய மைக்

மத்தியானம் திருமயிலையில் ஏறிய பறக்கும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சர்வீஸுக்கு விட்ட பைக்கை எடுக்கப் போகிறவர் போல, மூத்தவர் மடியில் ஹெல்மெட் இருந்தது.

"அண்ணிக்கு டாக்டர் இன்னா சொன்னாருண்ணே?" என்று இளையவர் கேட்டார்.

"அவளுக்கு எதுக்குடா டாக்டரு?"

இளையவர் அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழம பைக்ல போய்க்கினே நம்ம ஹாம் ரேடியோ வயர்லெஸ்ல குரூப்போட பேசினீங்கல்ல. முடிச்சப்புறமும் உங்க தோள்ல இருந்த மைக் பட்டன் அமுங்கியே கெடந்துச்சு. அண்ணி பின்னாடி உக்காந்து பேசினதெல்லாம் எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. பட்டன் அமுங்கினா நாங்க கூப்புட்றது உங்களுக்கு எங்க கேக்கும்?"

"அவ பேசினதே எனக்குக் கேக்கலடா. ஹெல்மெட்டு, காத்து வேற."

"சரி சரின்னு சொல்லிக்கினே வந்தீங்களேண்ணே."

"வண்டில அவ எது சொன்னாலும் சரிம்பேன். இன்னா சொன்னா?"

"மார்ல கட்டி மாதிரி கீதாம். ரெண்டு மாசமா. பயமா இருக்குன்னு அழுதாங்க."

மூத்தவர் ஹெல்மெட்டின் வாரை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். நான் இறங்க வேண்டிய இந்திரா நகர் வந்து போனது. நான் எழுந்திருக்கவில்லை.

"எத்தினி பேர் கேட்டீங்க?"

"பத்துப் பதினஞ்சு பேர் இருக்கும்."

"வேற இன்னாடா சொன்னா?"

"இத யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னாங்க. அதுக்கும் நீங்க சரின்னுதான் சொன்னீங்க."