சூட்டோட அளந்த காயில்

ஏங்கக்கா, உங்க வீட்டுக்காரருக்கு எந்திரிச்சு உக்கார முடியுதா? பரவால்லையே. நம்மாளு இன்னும் மயக்க ஊசியிலதான் கெடக்காரு. பாருங்க, பத்து விரலுக்கும் கட்டு. கல்யாணத்தன்னைக்குக்கூட மனுஷன் இவ்ளோ வெள்ளையா உடுத்தல.

லாரியா? அட, விபத்தெல்லாம் இல்லக்கா. முதலாளி அடிச்சது. இவரு மோட்டாருக்குக் காயில் கட்டுறவரு. செப்புக் கம்பியச் சுத்தி, வார்னிஷ் ஊத்தி, ஓவன்ல வேகவெச்சு எடுப்பாங்க. முதலாளி போன வருஷம்தான் பட்டறைய வாங்குனான், தொழில் தெரியாது. நேத்து ஓவன்லேர்ந்து எடுத்த மோட்டார, சூட்டோட சூடா மீட்டர் வெச்சுப் பாத்துட்டான். ரெண்டு ஓம் காட்ட வேண்டியது, ரெண்டரையத் தாண்டிருச்சு. மெல்லிசுக் கம்பியக் கட்டிட்டு என் தடிக் கம்பிய வித்துத் தின்னுட்டியாடா, திருட்டு நாயேன்னு ஆரம்பிச்சான்.

ஓமா? கம்பி கரண்ட எவ்வளவு மறிக்குதுங்கற கணக்குக்கா. கம்பி மெல்லிசா இருந்தாலும் ஏறும், சூடா இருந்தாலும் ஏறும். வீடு நெறையப் பசங்க படுத்துத் தூங்குறப்ப நடுவுல பூனையாட்டம் நடந்து போயிடலாம்ல? அதே பசங்க குதிச்சு ஆடுறப்ப? நாலு இடி வாங்காமக் கதவுகிட்டப் போக முடியாது. சூடான செம்புக்குள்ள கரண்டு படுற பாடு அப்படித்தானாம். பாப்பா வயித்துல இருந்தப்ப இவருதான் சொன்னாரு. வேற கொஞ்சல் பேச்சு தெரியாது மனுஷனுக்கு.

நான் சோத்துத் தூக்கோட உள்ள போறேன், இரும்புப் பைப்பால வெளுக்குறான். விலாவுல ஒண்ணு, தாடையில ஒண்ணு. பல்லு வந்து என் செருப்புகிட்ட விழுந்துச்சுக்கா. இவரு ரத்தத்தத் துப்பிக்கிட்டே, ஆறட்டும் சார், ஆறினப்புறம் அளந்து பாருங்கன்னாரு. திருடுன கைதானடா இதுன்னு தரையில வெச்சு பூட்ஸ் காலால மிதிச்சான். நறநறன்னு கேட்டுச்சு. நான் குறுக்க விழுந்தேன், என்னையும் ஒதைச்சுத் தள்ளுனான். நெனவு போறப்பக்கூட, விட்டுருங்கன்னு கெஞ்சல மனுஷன். அளந்து பாருங்கன்னுதான் மொனகுனாரு.

அது ஒண்ணுதான்க்கா எனக்கும். திருடன்னு பேரு ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் எந்தப் பட்டறையில சேத்துப்பாங்க? காலையில பாப்பாவப் பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் பட்டறைக்குப் போனேன். மோட்டாரு ஜில்லுனு கெடக்கு. இப்ப அளடான்னேன். அத்தனை பேரு முன்னாடி அளந்தான். ரெண்டு. பொட்டுக்கூடக் கூடல.

என்ன பண்ணான் தெரியுமா? சிரிச்சான்க்கா. சரி விடும்மா, வெரலு கூடுனதும் வேலைக்கு வரச்சொல்லுன்னான்.

பைப்பு அங்கயேதான் சாத்தி இருந்துச்சு.

சேச்சே, சாகல. ரெண்டு மணிக்கட்டும் ஒரு முட்டியும் போச்சு, அவ்ளோதான். மேல் மாடியில கெடக்கான், கத்துறது கேக்கல? வாசல்ல ரெண்டு போலீஸ் நிக்குதே, அது எனக்குத்தான். ஒரு தடவ இவரு மூஞ்சியப் பாத்துட்டு வந்துடறேன்னு கேட்டேன், விட்டாங்க. வந்துட்டேன் சார், வந்துட்டேன்!

ஒரே ஒரு ஒதவிக்கா. இவரு கண்ணு முழிச்சதும், ஆறவெச்சு அளந்தாங்க, ரெண்டுதான் காட்டுச்சுன்னு காதுல சொல்லணும். மத்தத நான் வந்து சொல்லிக்கறேன். அத மட்டும் நீங்க சொல்லிருங்கக்கா.