இடக்கையில் தூக்கிய தொப்பி

நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்து, பனிமலையில் பகைவர் குண்டுக்குப் பணியாமல் நின்று, ஹேடோ கப்பல்துறையில் பதினெட்டு ஆண்டுகள் எங்கள் பாரத்தையும் பயத்தையும் சேர்த்துச் சுமந்த மேற்பார்வையாளரே, சேனா பதக்கம் பெற்ற ஹவில்தார் சந்திரமோகன் ஐயா அவர்களே! வணக்கம்.

பண்புகளை அடுக்கத் தொடங்கினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்று உங்கள் துணைவியார் புஷ்பா அம்மா எச்சரித்திருக்கிறார். ஆகவே ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

கார்கில் போரில் காயம்பட்ட தோழர் ஒருவரைச் சுமந்து இறங்கியபோது பாய்ந்த குண்டுச் சிதறல் உங்கள் வலது தோளில் இன்னும் இருக்கிறது. அந்தக் கை மார்புக்கு மேல் எழாது. அன்றிலிருந்து காலையில் உங்களுக்குத் தலை வாரிவிடுவது புஷ்பா அம்மாதான். நெடுநாள்வரை எங்களில் யாருக்கும் இது தெரியாது. கப்பல் அணையும் மேடையான ஜெட்டியில் கிரேனை உடனே நிறுத்த இரு கைகளையும் உயர விரித்து அசைக்க வேண்டும் என்பது விதி. நீங்களோ இடக்கையால் தொப்பியைத் தூக்குவீர்கள். கிரேன் ஓட்டுபவர்கள் அதற்குப் பழகிக்கொண்டார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எங்கும் எழுதிவைக்கவும் இல்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் முத்துராஜ் தற்காலிக கிரேன் ஓட்டுநராக வந்தார். மூன்றாம் நாள், பெருநிலத்திலிருந்து வந்த மெயின்லேண்டு கப்பலிலிருந்து சிமென்ட் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே சுமைத் தொழிலாளி முனியாண்டி நின்றது மேலே இருந்தவருக்குத் தெரியவில்லை. நீங்கள் தொப்பியைத் தூக்கினீர்கள். வியர்வை துடைக்கிறார் என்று நினைத்து முத்துராஜ் சுமையை இறக்கிக்கொண்டே இருந்தார். முனியாண்டி துள்ளி விலகியும், சரிந்த மூட்டை ஒன்று அவர் கணுக்காலை உடைத்தது.

சைகையை மதிக்கவில்லை என்று அறிக்கை போனால் முத்துராஜுக்கு வேலை இல்லை. ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவியை அப்போதுதான் கப்பலில் அழைத்து வந்திருந்தார். அன்று மாலை அவர் உங்கள் வீட்டுப் படியேறி வந்தார்.

"சாப், சச்சி, உண்மையத்தான் சொல்றேன். தொப்பிய தூக்கினா நிறுத்தணும்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதுதான். நாந்தானே சொல்லித் தரல," என்றீர்கள்.

"விசாரணையில அத யாரு நம்புவாங்க?"

"நான் எழுதித் தாறேன். விதிப்படி சைகை காட்டாதது என் தப்பு. கை தூக்க முடியாதத மறைச்சதும் என் தப்பு."

தேநீர் கொண்டுவந்த புஷ்பா அம்மா நின்றுவிட்டார். "கையப் பத்தி எழுதினா ஒங்கள ஜெட்டியில நிக்க விடுவாங்களா?"

"விட மாட்டாங்க. ஆபீஸ்ல ஒக்கார வெப்பாங்க."

"ஒக்காந்து பழக்கமே இல்லையே ஒங்களுக்கு."

"இனிப் பழகணும். பேனாவ எடு புள்ள."

முத்துராஜ் அந்தத் தேநீரைக் குடிக்கவில்லை. ஆறிப்போகும்வரை கையில் வைத்திருந்தார்.

அவர் வேலை நிலைத்தது. நீங்கள் ஜெட்டியை விட்டு மேசைக்கு வந்தீர்கள். கப்பல் சங்கு ஊதும்போதெல்லாம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து மறுபடி உட்காருவீர்கள். நாங்கள் பார்த்தும் பாராததுபோல் இருந்தோம். கால் தேறி வந்த முனியாண்டி மட்டும் நேராகச் சொன்னார்: "அரே சாப், என் காலு ஒடஞ்சதுல ஆபீசுக்கு ஒரு உருப்படியான ஆளு கெடைச்சிருக்கு." அன்று நீங்கள் சிரித்த சிரிப்பில்தான் எங்களுக்கு மூச்சு வந்தது.

பதக்கம் உங்கள் பெட்டிக்குள் இருக்கிறது. நாங்கள் பார்த்ததில்லை. நீங்கள் விசாரணைக்கு எழுதித் தந்த அந்தக் கடிதத்தைப் பார்த்திருக்கிறோம். அதற்காக நன்றி, ஐயா.

போர் நாள்களில், கப்பல் வந்தால்தான் கடிதம் என்ற கச்சாலில், கைக்குழந்தையோடு காத்திருந்த புஷ்பா அம்மாவுக்கும், அந்தக் குழந்தையாக இருந்து இன்று கார் நிக்கோபாரில் செவிலியராகப் பணிபுரியும் அகிலாவுக்கும் எங்கள் நன்றி. நோயும் நோவும் அண்டாமல், அந்தத் தோளும் குளிர்நாளில் வலிக்காமல், நீங்கள் நெடுநாள் நலமாக இருக்க வேண்டும்.

இன்று இந்தப் பணி நிறைவு விழா முடிந்து நீங்கள் ஜெட்டி வழியாக வெளியேறும்போது, கிரேனில் இருக்கும் முத்துராஜ் இடக்கையால் தொப்பியைத் தூக்குவார். கீழே நாங்களும் தூக்குவோம். அதன் பொருள் இப்போது இங்கே எல்லோருக்கும் தெரியும். கிடங்குச் சுவரில் எழுதியும் வைத்திருக்கிறோம்.

ஒரு நிமிடம் நில்லுங்கள், ஐயா. பிறகு போகலாம்.

என்றும் உங்கள் அன்பில்,
ஜெட்டியிலும் கிடங்கிலும் அலுவலகத்திலும் உங்களோடு பணிபுரிந்தவர்கள்,
ஹேடோ.